சொல்லை எண்ணிப் பாடியவர்

திக்கிப் பேசுகிறவர்களுக்கு ஒரே சொல் திரும்பத் திரும்ப வருவது என்னவென்று தெரியும். சொல்ல நினைத்த சொல்லின் முதல் அசை நாவில் சிக்கிக்கொண்டு அதே இடத்தில் சுழன்றுகொண்டிருக்கும். எதிரில் இருப்பவர் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார். ஐந்து வயதிலிருந்து அந்தச் சுழலோடு வாழ்ந்துவருகிற நான், அமெரிக்கப் பாடகர் பில் விதர்ஸ் பாடிய 'எய்ன்ட் நோ சன்ஷைன்' பாடலை முதன்முதலாகக் கேட்ட இரவை மறக்கவில்லை. இரண்டு நிமிடத்தைச் சற்றே தாண்டுகிற சின்னப் பாட்டு அது. பாதியை நெருங்கும்போது மற்ற வாத்தியங்கள் ஏறக்குறைய அடங்கிவிட, தாளத்தின் மேல் அந்தக் குரல் மட்டும் நின்று 'ஐ நோ, ஐ நோ, ஐ நோ' என்று சொல்லத் தொடங்கியது. 'எனக்குத் தெரியும்' என்ற அதே சொல் 26 முறை. பத்தாவது முறையைத் தாண்டும்போது என் தொண்டை இறுகியது. இவர் சிக்கிக்கொண்டார், இதிலிருந்து எப்படி வெளியே வரப்போகிறார் என்று பதறினேன். அவரோ பதற்றமில்லாமல், மூச்சைக்கூட எங்கே விட்டார் என்று தெரியாதபடி, அந்தச் சொல்லின் வழியாகவே நடந்து மறுகரையில் ஏறி, அடுத்த வரியைப் பாடினார்.

விதர்ஸும் திக்கிப் பேசியவர், 28 வயதுவரை அதனோடு போராடியவர் என்பது அப்போது எனக்குத் தெரியாது. பல மாதங்கள் கழித்து அதைப் படித்தபோது நான் வியக்கவில்லை. ஏற்கெனவே அறிந்திருந்த ஒன்றை யாரோ உறுதிப்படுத்தியது போல்தான் இருந்தது. அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் அவருடைய எளிமையைப் புகழ்வார்கள்; திக்குவாயை இளமைக்காலத் துன்பங்களில் ஒன்றாக ஒரு வரியில் குறித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். இரண்டும் ஒன்றே என்பது என் எண்ணம். ஒவ்வொரு சொல்லுக்கும் விலை கொடுத்துப் பேசவேண்டியிருந்த ஒருவர், பாட்டு எழுத உட்கார்ந்தபோது தேவையற்ற ஒரு சொல்லைக்கூட உள்ளே விடவில்லை.

அந்த 26 முறை எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லவேண்டும். அது திட்டமிட்ட அழகு அன்று. அந்த இடத்தில் வேறு வரிகள் எழுதிச் சேர்ப்பதாகத்தான் விதர்ஸ் நினைத்திருந்தார். இடத்தை நிரப்புவதற்காகவே 'ஐ நோ' என்று பாடிவைத்தார். அவரைச் சுற்றி அமர்ந்திருந்தவர்களோ சாதாரணமானவர்கள் அல்லர். மெம்ஃபிஸ் நகரத்து ஸ்டாக்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் ஒலியையே உருவாக்கிய புக்கர் டி ஜோன்ஸ் அந்த இசைத்தட்டின் தயாரிப்பாளர். அவருடைய கூட்டாளிகளான டொனால்ட் டக் டன் பேஸ் கிதாரும், ஆல் ஜாக்சன் டிரம்ஸும் வாசித்தார்கள். கிதாருக்கு ஸ்டீஃபன் ஸ்டில்ஸ் வந்திருந்தார். அவர்கள் எல்லாரும், மாற்றாதே, அப்படியே விட்டுவிடு என்றார்கள். இத்தனை அனுபவம் உள்ளவர்கள் சொல்லும்போது மறுக்கத் தனக்கு என்ன தகுதி என்று எண்ணி விதர்ஸ் ஒப்புக்கொண்டார். அப்போது அவருக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது. அதுவரை ஒரு முழு இசைத்தட்டுக்கும் பாடியதில்லை. பகலில் விமானங்களுக்கான கழிவறைகளைச் செய்யும் தொழிற்சாலையில் வேலை. ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்த முதல் நாள், இந்தப் பாடல்களை யார் பாடப்போகிறார்கள் என்று அவர் கேட்டதாகவும், நீங்கள்தான் என்று சொல்லவேண்டியிருந்ததாகவும் புக்கர் டி ஜோன்ஸ் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

அந்தக் கேள்வியைப் பணிவு என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. எனக்கு அதில் வேறொன்று கேட்கிறது. எழுதுவது ஒன்று, வாய்திறப்பது இன்னொன்று என்று வாழ்நாளெல்லாம் பிரித்து வைத்துப் பழகிய ஒருவருக்குத்தான் அப்படி ஒரு கேள்வி தோன்றும்.

விதர்ஸ் 1938ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள், மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் ஸ்லாப் ஃபோர்க் என்ற நிலக்கரிச் சுரங்கச் சிற்றூரில், ஆறு பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தார். தந்தை சுரங்கத் தொழிலாளி. பெற்றோர் பிரிந்த பிறகு, அருகிலிருந்த பெக்லி நகரில் தாய்வழி உறவினரிடம் வளர்ந்தார். 13 வயதில் தந்தையை இழந்தார். ஆஸ்துமாவும் திக்குவாயும் சேர்ந்து வதைத்த அந்தச் சிறுவனை, நீ நன்றாக வருவாய் என்று சொல்லித் தேற்றியவர் அவருடைய பாட்டி லூலா கேலவே. நிலத்தடியில் இறங்கும் வாழ்க்கையிலிருந்து தப்ப, பதின்பருவத்திலேயே அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்து ஒன்பது ஆண்டுகள் பணியாற்றினார். கறுப்பினத்தவரைச் சமையலறைக்கும் பரிமாறுவதற்கும் ஒதுக்கிவிடுகிற வழக்கம் அங்கே முற்றிலும் மறையாத காலம் அது. அவர் விமானங்களைப் பழுதுபார்க்கும் தொழிலைக் கற்றுக்கொண்டார். அவருடைய திக்கல் மட்டுப்பட்டதும் அந்த ஆண்டுகளில்தான்.

அது எப்படி மட்டுப்பட்டது என்று அவரே விளக்கியிருக்கிறார். கேட்பவர்கள் தன்னைப் பற்றி என்ன நினைப்பார்களோ என்ற அச்சமே தன் திக்கலுக்கு வேர் என்றும், மற்ற எல்லாரையும் தன்னைவிட மிக உயரத்தில் வைத்துப் பார்த்ததுதான் அந்த அச்சத்துக்குக் காரணம் என்றும் அவர் கண்டுகொண்டாராம். திக்குவாய்க்கு இதுதான் காரணம் என்று நான் பொதுவாகச் சொல்ல மாட்டேன். பரம்பரை, மூளை பேச்சை ஒழுங்குபடுத்தும் முறை எனப் பல காரணங்கள் இன்று பேசப்படுகின்றன, வயதுவந்தவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கு அது இருக்கிறது. ஆனால் அந்த விளக்கத்தைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. தொலைபேசி ஒலித்தால் அறையை விட்டு வெளியேறிவிடுகிற ஒருவனாகவே நான் நெடுங்காலம் இருந்தேன். மறுமுனையில் இருப்பவர் என்னைவிடப் பெரியவர் என்று யார் எனக்குச் சொன்னது என்று அதுவரை நான் கேட்டுக்கொண்டதே இல்லை.

பாடும்போது திக்குவதில்லை என்பது எங்களுக்குள் எல்லாரும் அறிந்த செய்தி. ராகமும் தாளமும் பிடித்துக்கொண்டால் நா தானாக ஓடும். ஆகவே, பாட்டு அவரைத் திக்குவாயிலிருந்து காப்பாற்றியது என்று அழகாக ஒரு கதை சொல்லிவிடலாம். அந்தக் கதை விதர்ஸுக்குப் பொருந்தாது. திக்கலைத் தாண்டிய பிறகுதான் அவர் பாட்டுக்கே வந்தார்.

அவர் வந்த விதமும் வழக்கமான பாடகர்களுடையது போன்றதன்று. கறுப்பினத்தவரின் தேவாலயப் பாட்டிலிருந்து வளர்ந்த சோல் இசையின் பெரும் பெயர்களில் பலர் தேவாலயத்தில் பிறந்து வளர்ந்த குரல்கள். சாம் குக்கும் அரீத்தா ஃபிராங்க்ளினும் போதகர்களின் பிள்ளைகள். பருவம் எய்துமுன்பே மேடை ஏறியவர்கள். விதர்ஸுக்கு அப்படி ஒரு பயிற்சி இல்லை. கடற்படையை விட்டு வந்து, பால் விநியோகம் உட்படக் கிடைத்த வேலைகளைச் செய்துகொண்டிருந்த நாட்களில், ஒரு மனமகிழ் மன்றத்தில் லூ ரால்ஸின் நிகழ்ச்சிக்குப் போயிருக்கிறார். பாடகர் நேரத்துக்கு வரவில்லை. வாரத்துக்கு 2,000 டாலர் கொடுக்கிறேன், சரியான நேரத்துக்கு வரக்கூட முடியவில்லையா என்று மன்றத்து மேலாளர் முனகியது விதர்ஸின் காதில் விழுந்தது. அவர் அப்போது வாங்கிய கூலி மணிக்கு மூன்று டாலர் அளவில் இருந்தது. அடகுக்கடையில் ஒரு கிதார் வாங்கினார், தானே வாசிக்கக் கற்றார், எழுதத் தொடங்கினார். லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்து, சம்பளத்தில் மிச்சம் பிடித்து மாதிரிப் பதிவுகள் செய்தார். அவற்றில் ஒன்று சசெக்ஸ் என்ற சிறு இசைத்தட்டு நிறுவனத்தை நடத்திய கிளாரன்ஸ் அவான்ட்டின் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

1971இல் வெளிவந்த 'ஜஸ்ட் ஆஸ் ஐ ஆம்' என்ற முதல் இசைத்தட்டின் அட்டையைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். பர்பேங்க் நகரத் தொழிற்சாலையின் வாசலில், வேலை இடைவேளையில் எடுத்த படம். ஜீன்ஸ் அணிந்து, கையில் சாப்பாட்டுப் பெட்டியோடு சுவர் ஓரமாக நிற்கிறார். புகழ் வந்துவிடும் என்று நம்பி வேலையை விட்டுவிடும் வயதை அவர் கடந்திருந்தார். இசை உலகம் நிலையற்றது, கைத்தொழில் சோறு போடும் என்பதில் அவர் தெளிவாக இருந்தார். பிறகு அந்தத் தொழிற்சாலை ஆட்குறைப்பு செய்தபோது அவருக்கும் வேலை போனது. திரும்ப வேலைக்கு வரச்சொல்லும் கடிதமும், ஜானி கார்சனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாட அழைக்கும் கடிதமும் ஒரே நாளில் வந்தன என்று அவர் பிற்காலத்தில் சொன்னார்.

'எய்ன்ட் நோ சன்ஷைன்' முதலில் சிறிய தட்டின் பின்பக்கப் பாட்டாகத்தான் வந்தது. 'ஹார்லெம்' என்ற பாடலை முன்பக்கத்தில் வைத்திருந்தார்கள். வானொலி அறிவிப்பாளர்கள் தட்டைத் திருப்பிப் போட்டார்கள். பில்போர்ட் இதழின் ஹாட் 100 பாடல் பட்டியலில் மூன்றாம் இடம் வரை ஏறி, சிறந்த ரிதம் அண்ட் புளூஸ் பாடலுக்கான கிராமி விருதையும் பெற்றது. குடியில் மூழ்கும் ஒரு தம்பதியைப் பற்றிய 'டேஸ் ஆஃப் வைன் அண்ட் ரோசஸ்' என்ற 1962ஆம் ஆண்டுத் திரைப்படத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தது தனக்குத் தூண்டுதலாக இருந்தது என்று விதர்ஸ் சொல்லியிருக்கிறார். நமக்குக் கேடு என்று தெரிந்தும் ஒருவரை விடமுடியாத நிலையைப் பற்றிய பாட்டு அது. அதனால்தான் அந்த 'எனக்குத் தெரியும்' அவ்வளவு கனக்கிறது. தெரிவதால் எந்தப் பயனும் இல்லை என்பதை 26 முறை சொல்லியும் முடியவில்லை.

இதே தட்டில்தான் 'கிராண்ட்மாஸ் ஹேண்ட்ஸ்' இருக்கிறது. என்னைக் கேட்டால், அவர் எழுதியவற்றுள் இதற்கு இணையான இன்னொன்று இல்லை. பாட்டியைப் பற்றி ஒரு பாட்டு எழுதவேண்டுமென்றால், அன்பு, தியாகம், கண்ணீர் என்று எத்தனையோ சொற்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. விதர்ஸ் அவற்றில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. பாட்டியின் கைகளை மட்டும் பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் அவை தட்டுகின்றன, டாம்பரின் வாசிக்கின்றன; சில நாட்களில் வலித்து வீங்குகின்றன; ஊரில் மணமாகாமல் தாயான ஒரு பெண்ணை அவை தேற்றுகின்றன; ஓடி விழுகிற சிறுவனைத் தூக்கிவிடுகின்றன; அவனை அடிக்க ஓங்கும் தாயைத் தடுக்கின்றன. பாட்டில் தாயை அழைக்கும் மேட்டி என்ற பெயர் உண்மையாகவே விதர்ஸின் தாயின் பெயர்தான். பாட்டி பேசுவதெல்லாம் இரண்டிரண்டு சிறு வாக்கியங்கள். வேகமாக ஓடாதே, கண்ணாடிச் சில்லில் விழுந்துவிடுவாய் என்பது போன்ற, எல்லாப் பாட்டிகளும் சொல்லும் சொற்கள். தொடக்கத்தில் சொல்லே இல்லாத ஒரு முனகல் வருகிறது. அந்த 'ம்ம்' ஒலியில் ஒரு பிள்ளையின் காய்ச்சல் நெற்றியில் வைத்த கை இருக்கிறது. பாட்டியின் மறைவையோ, அவளுக்காக ஏங்குவதையோ அவர் விரித்துச் சொல்வதில்லை. பாட்டி இப்போது என்னிடம் இல்லை, சொர்க்கத்துக்குப் போனால் அந்தக் கைகளைத்தான் தேடுவேன் என்று முடித்துவிடுகிறார்.

அந்தக் காலத்து சோல் இசை பெரும்பாலும் பொங்கி வழிவது. ஜேம்ஸ் பிரவுன் மண்டியிட்டு அலறுவார். ஓட்டிஸ் ரெடிங் சொல்லை உடைத்துத் துண்டு துண்டாக எறிவார். அரீத்தா ஒரு உயிரெழுத்துக்குள் பத்து சுரங்களை வைத்து இழைப்பார். இவர்களைக் குறைத்துச் சொல்லவில்லை. என் வாழ்வின் பல இரவுகளை இவர்கள் தாங்கியிருக்கிறார்கள். விதர்ஸ் அந்த வழியில் போகவில்லை என்பதைச் சொல்லத்தான் வந்தேன். ஒரு கிதார், நடுத்தரமான சுருதி, பேச்சுக்கு மிக அருகில் நிற்கும் குரல். சொல்லை அலங்கரிப்பதே இல்லை. நாற்காலியில் அமர்ந்து கிதாரோடு பாடுவதை வெள்ளையர்களின் கிராமிய இசை என்று கடைக்காரர்கள் தனியலமாரியில் வைத்திருந்த நாட்களில், ஒரு கறுப்பினத் தொழிலாளி அதே வடிவத்தில் கறுப்பினக் குடும்பத்தின் வாழ்வைப் பாடியபோது அவரை எந்த அலமாரியில் வைப்பது என்பதே பலருக்குச் சிக்கலாக இருந்தது.

அடுத்த ஆண்டு, 1972இல், 'ஸ்டில் பில்' என்ற இரண்டாம் தட்டில் 'லீன் ஆன் மீ' வந்தது. கையில் பணம் வந்ததும் விதர்ஸ் ஒரு சிறிய மின்பியானோ வாங்கினார். அதை வாசிக்க அவருக்குத் தெரியாது. விரல்களை ஒரே வடிவில் வைத்துக்கொண்டு வெள்ளைக் கட்டைகளின் மேல் ஏறியிறங்கிப் பார்த்தபோது பிறந்த மெட்டு அது. நம் கணக்கில் சொன்னால் ஸ ரி க ம என்று படிப்படியாக ஏறி, ம க ரி ஸ என்று அதே படிகளில் இறங்கிவருவது. பாட்டுப் படிக்க வந்த குழந்தைக்கு முதல் வாரத்தில் சொல்லித்தரும் வரிசை. நன்றாக வாசிக்கத் தெரிந்த ஒருவர் இவ்வளவு எளிய ஒன்றை வெளியே காட்டக் கூசியிருப்பார். வாசிக்கத் தெரியாதவருக்கு அந்தக் கூச்சம் இல்லை. பாட்டு அந்த ஜூலையில் பாப் பட்டியலிலும் ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலிலும் முதலிடம் பிடித்தது.

அந்தப் பாட்டில் காதல் இல்லை, கடவுள் பெயரும் இல்லை. எனக்குத் தாங்கல் வேண்டியபோது நான் உன்மேல் சாய்வேன், உனக்கு வேண்டியபோது நீ என்மேல் சாய்ந்துகொள் என்பதுதான் பொருள். லாஸ் ஏஞ்சலஸ் போன்ற பெருநகரத்துக்கு வந்த பின், ஸ்லாப் ஃபோர்க்கில் அண்டை வீட்டார் ஒருவருக்கொருவர் கேளாமலே செய்துகொண்டிருந்த உதவிகளின் அருமை புரிந்து அதை எழுதியதாக அவர் சொல்லியிருக்கிறார். சுரங்க ஊரில் யார் வீட்டு ஆண் எந்த நாளில் மேலே வராமல் போவான் என்று யாருக்கும் தெரியாது. அப்படிப்பட்ட ஊரில் அக்கம்பக்கத்தார் தயவில்லாமல் எந்தக் குடும்பமும் நிலைத்திருக்க முடியாது. நான் அந்தப் பாட்டில் அதிகம் கவனிப்பது இடையில் வரும் ஒரு வரியை: நீ கடன் கேட்கத் தயங்கும் அளவுக்கு உன் தன்மானத்தை வளரவிடாதே என்கிற பொருளில் வருவது. உதவி செய் என்று பாடியவர்கள் நிறையப் பேர். உதவி கேள் என்று பாடியவர்கள் குறைவு. கேட்க வாய் எழாதவர்களின் பக்கம் நின்று எழுதப்பட்ட வரி அது.

இந்த இரண்டு பாடல்களை வைத்து அவரைச் சாந்தமூர்த்தியாக ஆக்கிவிடுவதையும் நான் ஏற்கமாட்டேன். அதே தட்டில் 'யூஸ் மீ' இருக்கிறது. தன்னை ஒருத்தி பயன்படுத்திக்கொள்கிறாள் என்று ஊரார் எச்சரித்தும், அதுவே தனக்கு வேண்டும் என்று ஒப்புக்கொள்கிற ஆணின் பாட்டு. 'ஹூ இஸ் ஹீ' பாட்டில் தெருவில் எதிர்ப்பட்ட ஒருவனின் ஒற்றைப் பார்வையிலிருந்து சந்தேகம் முளைத்து வீடு முழுவதும் நிறைகிறது. ஜேம்ஸ் கேட்சனின் டிரம்ஸ் இவ்விரண்டிலும் செய்கிற வேலையை விளக்கத் தனிக்கட்டுரை வேண்டும்.

1972 அக்டோபர் 6ஆம் நாள் நியூயார்க்கின் கார்னகி ஹாலில் நடந்த நிகழ்ச்சியின் பதிவைத்தான் நான் அதிக முறை கேட்டிருப்பேன். அந்தப் பதிவில் விதர்ஸ் பாட்டுக்குப் பாட்டு பேசுகிறார். பாட்டியோடு தேவாலயத்துக்குப் போன நாட்களைச் சொல்கிறார், கூட்டம் சிரிக்கிறது. திக்குவாயோடு வளர்ந்த ஒருவர், அமெரிக்காவின் மிகப் பெருமைவாய்ந்த மேடைகளில் ஒன்றில், ஆயிரக்கணக்கானவர்கள் முன்னிலையில், அவசரமே இல்லாமல் பேசிக்கொண்டு நிற்பதைக் கேட்பதற்காகவே பாடல்களைத் தாண்டிவிட்டு அந்தப் பேச்சுகளை மட்டும் கேட்ட நாட்கள் எனக்கு உண்டு.

அந்த இரவில் அவர் பாடிய 'ஐ கான்ட் ரைட் லெஃப்ட்-ஹாண்டட்' வேறெங்கும் இல்லாதது. வியட்நாம் போர் முடிவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த காலம். வலது கையை இழந்து திரும்பிய ஓர் இளைஞனைத் தான் சந்தித்ததை முதலில் சொல்கிறார். பிறகு அந்த இளைஞனாகவே பாடுகிறார். இடது கையால் எனக்கு எழுத வராது, என் தாய்க்கு ஒரு கடிதம் எழுதித் தருவீர்களா என்று யாரிடமோ கேட்கிறான். குடும்ப வழக்கறிஞரைப் பார்த்துத் தம்பிக்குக் கட்டாயப் படைச்சேவையிலிருந்து விலக்கு வாங்கச் சொல்லுங்கள் என்கிறான். போரைக் கண்டித்து ஒரு முழக்கம்கூட இல்லை. பின்னணியில் தேவாலயக் கூட்டிசை போன்ற மெல்லிய குரல்கள் மட்டும் மெதுவாக எழுந்துகொண்டே இருக்கின்றன. சொல்ல நிறைய வைத்துக்கொண்டு சொல்லும் வழி அடைபட்டுப் போன ஒருவனை விதர்ஸ் அறிந்திருந்தார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தப் பாடலை 2010இல் ஜான் லெஜண்டும் தி ரூட்ஸ் குழுவும் மீண்டும் பாடியபோது, அதன் நிதானத்தைக் குலைக்காமல், இன்னும் நீட்டியே பாடினார்கள்.

1974இல் ஆப்பிரிக்காவின் கின்ஷாசா நகரில் முகமது அலி - ஜார்ஜ் ஃபோர்மன் குத்துச்சண்டையை ஒட்டி நடந்த பெரும் இசை விழாவிலும் அவர் பாடினார். ஜேம்ஸ் பிரவுனும் பி. பி. கிங்கும் கலந்துகொண்ட அந்த விழாவில், கிதாரோடு அமர்ந்து 'ஹோப் ஷீல் பி ஹேப்பியர்' பாடுகிற அவருடைய படப்பதிவு கிடைக்கிறது. அந்த அமைதி அரங்கையே அடக்கிவிடுகிறது.

இதற்குப் பிறகான கதையை நான் சுருக்கமாகவே சொல்வேன். 1975இல் சசெக்ஸ் நிறுவனம் வீழ்ந்தது. அவர் கொலம்பியா என்ற பெரிய நிறுவனத்துக்குப் போனார். நல்ல பாடல்கள் வந்தன. 1977இல் வந்த 'லவ்லி டே' பாட்டின் முடிவில் 'டே' என்ற ஒற்றைச் சொல்லை 18 விநாடிகள் மூச்சு விடாமல் பிடித்து நிற்கிறார். மற்றவர்களுக்கு அது சாதனை எண். பேச்சு அடைபட்டு ஓசையே எழாமல் நிற்கும் விநாடிகளை எண்ணிப் பழகிய எனக்கு, அடைபடாமல் நீண்டுகொண்டே போகும் அந்த ஓசை ஒரு விடுதலை. 1981இல் சாக்ஸபோன் கலைஞர் குரோவர் வாஷிங்டன் ஜூனியருடன் பாடிய 'ஜஸ்ட் தி டூ ஆஃப் அஸ்' இரண்டாம் இடம் வரை ஏறியது, கிராமியும் பெற்றது. ஆனால் தன் சொந்த நிறுவனத்தில் அவருடைய புதிய பாடல்கள் ஏற்கப்படாமல் ஆண்டுகள் கழிந்தன. எப்படிப் பாடவேண்டும் என்று அவருக்குச் சொல்லித்தர ஆட்கள் வந்தார்கள். எல்விஸ் பிரெஸ்லியின் 'இன் தி கெட்டோ' பாடலைப் பாடலாமே என்ற யோசனை அவரைப் புண்படுத்தியது. 1985இல் 'வாட்சிங் யூ வாட்சிங் மீ' என்ற தட்டு வெளிவந்தது. அதோடு நிறுத்திக்கொண்டார்.

47 வயது. குரல் கெடவில்லை, பெயர் மங்கவில்லை. அதன்பின் வாழ்ந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் அவர் தனக்கென ஒரு புதிய இசைத்தட்டு வெளியிடவில்லை. பாடல்களின் உரிமைகளைத் தன் மனைவி மார்சியாவோடு சேர்ந்து கவனித்துக்கொண்டார். இரண்டு பிள்ளைகளை வளர்த்தார். மனக்கசப்பில் ஒதுங்கிவிட்டார் என்று பலர் எழுதினார்கள். கசப்பு இருந்திருக்கலாம், இல்லாமல் இருந்திருந்தால்தான் வியப்பு. ஆனால் பேசுவதற்கு ஒன்றும் இல்லாத நேரத்தில் பேசாமல் இருப்பதை ஒரு குறைபாடாகவே இவ்வுலகம் பார்க்கிறது என்பதை நான் என் அனுபவத்தில் அறிவேன். முப்பது வயதுவரை வேறு வாழ்க்கை வாழ்ந்திருந்த அவருக்கு, மேடை இல்லாவிட்டால் தான் யார் என்ற கேள்வியே எழவில்லை.

அவர் மௌனமாக இருந்த ஆண்டுகளில் அவருடைய பாடல்கள் மௌனமாக இருக்கவில்லை. சிறுவனாக இருந்த மைக்கேல் ஜாக்சன் 'எய்ன்ட் நோ சன்ஷைன்' பாடியது முன்பே நடந்தது. 1987இல் கிளப் நூவோ என்ற குழு 'லீன் ஆன் மீ' பாட்டை நடனத் தாளத்தில் மாற்றிப் பாட, அது மறுபடியும் முதலிடம் பிடித்து விதர்ஸுக்கு இன்னொரு கிராமியைத் தேடித்தந்தது. 1996இல் பிளாக்ஸ்ட்ரீட் குழுவின் 'நோ டிக்கிட்டி' உலகெங்கும் ஒலித்தபோது, அதன் அடியில் ஓடிய முனகல் பாட்டியின் பாட்டிலிருந்து எடுக்கப்பட்டது என்று ஆடியவர்களில் எத்தனை பேர் அறிந்திருப்பார்கள்? 2015இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் அவரைச் சேர்த்தபோது, அவரை அறிமுகப்படுத்தியவர் ஸ்டீவி வொண்டர். 2020 மார்ச் 30ஆம் நாள், 81 வயதில், இதயக் கோளாறால் லாஸ் ஏஞ்சலஸில் காலமானார். கொரோனாவால் வீடடைந்து கிடந்த மக்கள், மருத்துவப் பணியாளர்களுக்காக 'லீன் ஆன் மீ' பாடிக்கொண்டிருந்த நாட்கள் அவை.

இவையெல்லாவற்றுக்கும் மேலாக நான் போற்றுவது ஒரு காட்சியை. 2009இல் வெளிவந்த 'ஸ்டில் பில்' என்ற ஆவணப்படத்தில், எழுபதை நெருங்கிய விதர்ஸ் நியூயார்க்கில் திக்குவாய் உள்ள பிள்ளைகளுக்கான நாடகக் குழு ஒன்றைச் சந்திக்கிறார். பிள்ளைகள் மேடையில் பேசுகிறார்கள். சொற்கள் சிக்குகின்றன, நிற்கின்றன, மறுபடி கிளம்புகின்றன. யாரும் அவர்களுக்காக வாக்கியத்தை முடித்துக் கொடுப்பதில்லை. எங்களைப் போன்றவர்களுக்கு அது எவ்வளவு பெரிய மரியாதை என்று மற்றவர்களுக்கு விளங்க வைப்பது கடினம். விதர்ஸ் பார்த்துக்கொண்டிருக்கிறார், பிறகு அவர் கண்கள் நிறைந்துவிடுகின்றன. அழுகையை மறைக்க அவர் முயலவில்லை. தன்னிடம் கேலி செய்கிறவர்களைக் காட்டிலும் தான் பெருந்தன்மையாக நடந்துகொள்ளவேண்டியிருந்தது என்ற கருத்தில் அந்தப் பிள்ளைகளோடு பேசுகிறார். அவசரப்படாத அதே குரல்.

அந்தக் காட்சியைப் பார்த்த மறுநாள் காலை, நெடுநாட்களாகத் தள்ளிப்போட்டிருந்த ஒரு தொலைபேசி அழைப்பைச் செய்தேன். என் பெயரைச் சொல்லும்போது முதல் எழுத்திலேயே சிக்கிக்கொண்டேன். மறுமுனையில் இருந்தவர், கேட்கவில்லை, யார் பேசுகிறீர்கள் என்று இரண்டு முறை கேட்டார். நான் அழைப்பைத் துண்டிக்கவில்லை. எத்தனை முறை அந்த எழுத்து திரும்ப வந்தது என்று மனத்துக்குள் எண்ணினேன். ஒன்பதாவது முறையில் பெயர் வெளியே வந்தது.